அழுத்திய மரம் ஊதியது ஏன்? சுட்ட மரத்தை நம்பலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் வீடு கட்டி வருகிறோம். ஜன்னல் சட்டங்களுக்கும் வராந்தாவின் பலகை வேலைக்கும், மருந்து எதுவும் ஏற்றாமல் வெப்பத்தில் மட்டும் பதப்படுத்திய பைன் மரம் வாங்கிவிட்டோம். உள்மாடிப் படிகளுக்கு, மலைவேம்பை அழுத்தித் தேக்கைவிடக் கெட்டியாக்கியது என்று ஒரு வியாபாரி காட்டிய பலகைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். "துளைகளை எல்லாம் அடைத்தாயிற்று, தண்ணீரே ஏறாது" என்று விற்றவர்கள் இருவருமே சொன்னார்கள்.

எங்கள் ஆசாரி பைன் பலகையை இழைத்துப் பார்த்துவிட்டு, "இது வெந்த மரம், உயிர் போய்விட்டது" என்று கை வைக்க மறுக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெட்டுமுனையில் துளைகள் அப்படியே இருக்கின்றன. மயிரிழை விரிசலும் தெரிகிறது. பயந்துபோய் இரண்டிலும் ஒரு துண்டை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டோம். பைன் துண்டில் பெரிய மாற்றம் இல்லை. 10 மில்லிமீட்டர் கனம் இருந்த அழுத்திய துண்டு காலையில் 15 ஆகிவிட்டது. பத்து நாள் நிழலில் காய்ந்தும் 14-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டுமே ஏமாற்று வேலைதானா? சேமிப்பு முழுவதையும் இதில் போட்டிருக்கிறோம். இரவில் தூக்கம் வரவில்லை.
— த.கி., தேவகோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் பைன் மரம் கெட்டுப்போகவில்லை. அதற்கு ஏற்ற இடத்தில், ஏற்ற முறையில் பொருத்தினால் நன்றாக உழைக்கும். அழுத்திய மலைவேம்பு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் பலகை இன்னும் படியில் ஏறவில்லை, கொடுத்ததும் முன்பணம்தான். ஆகவே சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. வாளியில் போட்டுப் பார்த்ததோடு நில்லாமல், காயவைத்து மறுபடி அளந்தீர்களே, அதுதான் மிகச் சரியான காரியம். அந்த 14 மில்லிமீட்டரில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

"துளைகளை அடைத்தாயிற்று" என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். மரத்தில் துளை என்பது ஒரே வகை அல்ல. எந்தத் துளை, எந்த முறையால் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், விற்பவர் சொல்வதில் எது உண்மை, எது மிகை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

எந்த மரமானாலும் அதன் இழைச்சுவர் மட்டும் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம் எடை இருக்கும். தேக்குக்கும் மலைவேம்புக்கும் இதில் வேறுபாடு இல்லை. வேறுபடுவது, சுவர்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்பதுதான். உலர்ந்த தேக்கு 0.65 கிராம் அளவில் இருக்கும்; அப்படியானால் அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். மலைவேம்பு 0.45 கிராம் அளவில் இருந்தால், பத்தில் ஏழு பங்கு வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தை இரண்டு மட்டங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, கண்ணுக்கோ பூதக்கண்ணாடிக்கோ நுண்ணோக்கிக்கோ தெரியும் பெரிய துளைகள். தேக்கு, மலைவேம்பு போன்ற மரங்களில் நீர் ஏறும் நாளங்கள் உண்டு. தேக்கில் அவை வெறும் கண்ணுக்கே தெரியும். பைனில் அத்தகைய நாளங்கள் கிடையாது. உங்கள் பூதக்கண்ணாடியில் தெரிந்தவை பெரும்பாலும் பிசின் குழாய்கள் (மரம் உயிரோடு இருக்கையில் பிசின் ஊறும் வழிகள்). வெப்பத்தில் பிசின் உருகி வெளியேறிவிடுவதால் அவை காலியாகி இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பைனின் இழைகளுக்குள்ளும் வெற்றிடம் உண்டு. அது சில பத்து மைக்ரான் அகலம்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இரண்டாவது மட்டம் இழைச்சுவருக்குள்ளேயே இருக்கும் நுண்ணிடைவெளிகள். இவை சில நானோமீட்டர் அளவுதான் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எந்தப் பூதக்கண்ணாடியிலும் தெரியாது. ஆனால் கதவு ஐப்பசியில் இறுகுவதும் சித்திரையில் இளகுவதும் இவற்றால்தான். பெரிய துளைக்குள் தண்ணீர் நின்றால் மரத்தின் எடை கூடும், அளவு மாறாது. இழைச்சுவருக்குள் தண்ணீர் புகுந்தால்தான் மரம் ஊதும், வெளியேறினால் சுருங்கும். உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரம் சேரும்வரை சுவர் ஊதிக்கொண்டே போகும். அதற்கு மேல் வரும் தண்ணீர் பெரிய துளைகளில் தங்கிவிடும். ஆகவே, பெரிய துளைகள் தெரிகின்றனவே என்று பைனுக்காகக் கவலைப்பட வேண்டாம். அங்கே வேலை நடந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத மட்டத்தில்.

வெப்பம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இந்த முறையைத் தொழிலாக வளர்த்தெடுத்தவர்களில் பின்லாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். 1990-களில் அங்கே ஆராய்ந்து நிலைப்படுத்திய முறை இன்று 'தெர்மோவுட்' என்ற பெயரில் உலகெங்கும் தெரியும். மூடிய சூளையில் மரத்தை வைத்து, அது தீப்பற்றாதபடி நீராவியை நிரப்பி, முதலில் முழுக்க உலர்த்துகிறார்கள். பிறகு 185 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஆறவிட்டு, 4 முதல் 7 சதவீதம் வரை ஈரத்தைத் திரும்ப ஊட்டி எடுக்கிறார்கள். பைன் போன்ற மரங்களுக்கு இதில் இரண்டு தரம் உண்டு: 190 டிகிரி அளவில் செய்தது 'எஸ்' வகை, 212 டிகிரி அளவில் செய்தது 'டி' வகை. மழைபடும் வெளிவேலைக்கு 'டி' வகைதான் உரியது.

இந்தச் சூட்டில் முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ் (இழைச்சுவரில் தண்ணீரை அதிகம் ஈர்க்கும் சர்க்கரைச் சங்கிலி). மரத்தில் அது சுமார் நான்கில் ஒரு பங்கு. அது சிதையும்போது அசெட்டிக் அமிலம் (காடிக்குப் புளிப்பைத் தரும் அமிலம்) வெளிப்பட்டு, சிதைவை இன்னும் விரைவுபடுத்துகிறது. தண்ணீர் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் குறைகின்றன. லிக்னின் (இழைகளைப் பிணைத்து நிற்கவைக்கும் இயற்கைப் பசை) தனக்குள் புதிய பிணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு சுவரை இறுக்குகிறது. முன்பு ஈரம் பட்டால் விரிந்து இடம் கொடுத்த நுண்ணிடைவெளிகள் இப்போது அவ்வளவாக விரிவதில்லை. இதனால் காற்றிலிருந்து மரம் எடுக்கும் ஈரம் ஏறத்தாழ பாதியாகிறது. ஊதுவதும் சுருங்குவதும் பாதிவரை குறையலாம். உங்கள் வாளிச் சோதனையில் பைன் துண்டின் அளவு பெரிதாக மாறாமல் இருந்ததற்குக் காரணம் இதுவே.

பெரிய துளைகளை வெப்பம் அடைப்பதில்லை. சொல்லப்போனால் மரத்தின் பொருளில் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால் எடை சிறிது குறைகிறது, மொத்த வெற்றிடம் சற்றுக் கூடுகிறது. சூட்டின் இழுவிசையில் மயிரிழை விரிசல்களும் விழும். ஆகவே வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறத்தான் செய்யும். "தண்ணீரே ஏறாது" என்றது தவறு. ஏறினாலும் அதிகம் ஊதாது என்பதே சரி.

உங்கள் ஆசாரி சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். இழைப்புளி ஓட்டியபோது சீவல் சுருளாக வராமல் நொறுங்கித் தூளாக உதிர்ந்திருக்கும். "வெந்த மரம்" என்று அவர் கை சொன்னது அதைத்தான். வெப்பம் ஏற்றிய மரம் வளைவைத் தாங்கும் வலிமையில் 10 முதல் 30 சதவீதம் வரை இழக்கும். சட்டென்று முறியும் தன்மையும் கூடும். ஆகவே உத்திரம், தூண், படியைத் தாங்கும் சட்டம் எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. நெடுங்காலம் உழைத்த பர்மா தேக்கோடு அவர் அதை ஒப்பிட்டிருப்பார். தேக்கின் வைரத்தில் இயற்கையான எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன; கரையானை விரட்டுவதும் அவைதான். சூடேற்றிய பைனுக்கு அந்தக் காவல் இல்லை. பூஞ்சை அழுகலை அது நன்றாகத் தாங்கும். கரையானைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இனி அழுத்திய மரத்துக்கு வருவோம். அங்கே நடப்பது நேர் எதிர். 20 மில்லிமீட்டர் மலைவேம்புப் பலகையை 10 மில்லிமீட்டராக அழுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-இல் சுமார் 6 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சுவர்ப்பொருள். மீதி 14 வெற்றிடம். அழுத்திய பிறகு அதே 6 மில்லிமீட்டர் சுவர், 4 மில்லிமீட்டர் வெற்றிடம். அடர்த்தி 0.45-இலிருந்து 0.9-க்கு ஏறுகிறது. முதலில் நாளங்கள் தட்டையாகின்றன. பிறகு இழைகளின் உள்வெளி மடிகிறது. எடையிலும் கடினத்திலும் தேக்கைத் தாண்டியது என்று வியாபாரி சொன்னதில் பொய் இல்லை. தட்டினால் கணீரென்று கேட்டிருக்கும்.

காய்ந்த மரத்தைக் குளிர்ந்தபடியே அழுத்தினால் இழைச்சுவர்கள் நொறுங்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் லிக்னின் 100 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். அப்போது சுவர்கள் உடையாமல் மடியும். சிலம்பக் கம்பைத் தீயில் வாட்டி நிமிர்த்துகிறார்களே, அங்கே நடப்பதும் இந்த இளகல்தான். சூடாக இருக்கையில் இசைந்து கொடுத்து, ஆறியதும் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது.

ஆனால் மடிந்த சுவருக்குள் பழைய வடிவத்துக்குத் திரும்பும் விசை உறங்கிக்கிடக்கிறது. ஆறி இறுகிய லிக்னின் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி ஈரம் ஏறினால் பிடி தளர்ந்து, தட்டையான துளைகள் திறந்துகொள்ளும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டியின் மடிப்பு தண்ணீர் பட்டதும் கலைவது போலத்தான். இதை மீள்வு (அழுத்திய மரம் பழைய கனத்துக்குத் திரும்புதல்) என்பார்கள்.

உங்கள் 14 மில்லிமீட்டரின் பொருள் இதுதான். வெறும் ஈர ஊதலாக இருந்தால் காய்ந்தபின் 10-க்கு அருகே வந்திருக்க வேண்டும். 15-இலிருந்து 14-க்கு இறங்கிய ஒரு மில்லிமீட்டர் மட்டுமே ஈர ஊதல். மீதி 4 மில்லிமீட்டர் மீள்வு. அது இனி இறங்காது; மீண்டும் நனைந்தால் இன்னும் கூடும்.

இதைத் தடுக்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகம் 1940-களிலேயே இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்றில், பினாலிக் பிசினை மரத்துக்குள் ஊறவைத்து, அழுத்தும் சூட்டிலேயே அதை இறுகவைத்தார்கள். துளை தட்டையாவதோடு சுவரின் நுண்ணிடைவெளியிலும் பிசின் நிரம்பிவிடும். பிசினேற்றி அழுத்திய இத்தகைய மரத்தில்தான் விசைத்தறியின் நாடாவும் (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) மின்மாற்றிகளுக்குள் சுருளைத் தாங்கும் துண்டுகளும் செய்யப்பட்டன. மற்றொரு வழியில், பிசின் இல்லாமல் அதிகச் சூட்டில் அழுத்தி, லிக்னின் போதிய அளவு இளகி உள்விசை தணியும்படி செய்தார்கள்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இனோவே, நோரிமோட்டோ முதலியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. அழுத்திய நிலையிலேயே மரத்துக்கு 180 டிகிரி நீராவியை 8 நிமிடம், அல்லது 200 டிகிரி நீராவியை 1 நிமிடம் கொடுத்தால் மீள்வு ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடுகிறது. நீராவி இல்லாத வெறும் சூடு என்றால் அதற்குப் பல மணி நேரம் வேண்டும். இங்கும் ஹெமிசெல்லுலோஸ்தான் சிதைகிறது. அதோடு உறங்கிக்கிடந்த விசையும் தணிந்துவிடுகிறது. உங்கள் பைனுக்கு நடந்த அதே வேலை உங்கள் மலைவேம்புக்கு நடக்கவில்லை என்பதே கோளாறு. அழுத்தம் பெரிய துளையை மூடும். மூடியது மூடியபடி இருக்க, கண்ணுக்குத் தெரியாத சுவரையும் மாற்றியாக வேண்டும்.

2018-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார், மரத்தை ரசாயனக் கரைசலில் வேகவைத்து லிக்னினிலும் ஹெமிசெல்லுலோஸிலும் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, சூட்டில் அழுத்தி, கனத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினார்கள். வலிமை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. "எஃகுக்கு நிகரான மரம்" என்ற செய்திகள் அதிலிருந்து கிளம்பியவை. அதைக் காட்டி யாராவது தங்கள் பலகையை விற்றால், அவர்களுடையது அந்த முறையில் செய்ததுதானா என்று கேளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் பைன்:

1. 'எஸ்' வகையா, 'டி' வகையா என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 'எஸ்' வகை என்றால் வீட்டுக்குள்ளும், மழை படாத இடங்களிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெட்டுமுனை ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன்பே முனை அடைக்கும் மெழுகுப் பூச்சோ வெளிவேலை வார்னிஷோ இரண்டு கை கொடுத்து மூடுங்கள். தண்ணீர் ஏறும் முக்கிய வழி அதுதான்.

3. திருகு போடும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் துளையிடச் சொல்லுங்கள். நேரடியாக ஆணி அடித்தால் பிளக்கும். மரத்தில் அமிலம் மிச்சம் இருப்பதால் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்துக் கறை இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகே போடுங்கள்.

4. இந்த மரம் தண்ணீரை மெதுவாக இழுப்பதால், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை காய அதிக நேரம் பிடிக்கும். கிளாம்பைச் சீக்கிரம் கழற்ற வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள்.

5. மண்ணையோ ஈரத்தரையையோ தொடாதபடி வையுங்கள். வீட்டின் அடித்தளத்துக்குக் கரையான் மருந்து அடிப்பதை இந்த மரத்தை நம்பி விட்டுவிடாதீர்கள்.

6. வெயில் படும் இடத்தில் காப்பி நிறம் மங்கிச் சாம்பல் நிறமாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் எண்ணெய்ப் பூச்சை ஆண்டுதோறும் பார்த்துக் கொடுத்து வந்தால் நிறம் நிற்கும்.

7. புதிதில் கருகிய வெல்லம் மாதிரி ஒரு வாடை வரும். காற்றோட்டத்தில் வைத்தால் நாளாக ஆகக் குறையும். இழைக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது. ஆசாரி கட்டாயம் முகக்கவசம் போட வேண்டும்.

அடுத்து அழுத்திய மலைவேம்பு:

1. முதலில் பலகையின் விளிம்பைப் பாருங்கள். மர ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து ஓடினால் அது முழு மரத்தை அழுத்தியது. தூளும் சிம்புமாகத் தெரிந்தால் அது வேறு பொருள், வேறு விலை.

2. வியாபாரியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "அழுத்திய பிறகு எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் நீராவியோ சூடோ கொடுத்தீர்கள்?" "பிசின் ஏற்றினீர்களா, எந்தப் பிசின்?" பிசின் ஏற்றியது என்றால், வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கான ஃபார்மால்டிஹைட் வெளியீட்டுத் தரச்சான்றையும் (பிசினிலிருந்து கசியும் வாயு வரம்புக்குள் இருக்கிறது என்ற சான்று) கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பலகை உங்கள் படிக்கு வேண்டாம்.

3. "சரியாகச் செய்து தருகிறேன்" என்றால், உங்களுக்கு வரப்போகும் பலகையிலிருந்தே துண்டு வெட்டி வாங்குங்கள். கனத்தை அளந்து, 24 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். 10 மில்லிமீட்டர் துண்டு காய்ந்தபின் 10.5-ஐத் தாண்டினால் திருப்பிவிடுங்கள்.

4. "மேலே நல்ல வார்னிஷ் அடித்தால் போதும்" என்று சொல்வார்கள். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. வாரந்தோறும் ஈரத்துணியால் துடைக்கும் படி அது. பலகை இணையும் இடத்திலும் திருகின் ஓரத்திலும் ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு படி மட்டும் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலும் கால் இடறும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் துணிய வேண்டாம்.

5. முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஆகிவிட்டால், அந்தத் தொகைக்கு உரிய பலகையை மட்டும் எடுத்து, ஈரம் அண்டாத அறையில் புத்தக அலமாரித் தட்டுக்கோ சுவர்ப் பலகைக்கோ பயன்படுத்துங்கள். படிக்கு வேறு நல்ல மரம் பாருங்கள்.

உங்கள் ஆசாரியை மாற்றிவிட வேண்டாம். மரத்தின் குணம் மாறியதை ஒரே இழைப்பில் கண்டுகொண்டவர் அவர். வலிமை குறைந்தது என்று அவர் சொல்வது உண்மை, ஜன்னல் சட்டத்துக்கு அந்த வலிமை போதும் என்பதும் உண்மை என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கொடுத்து, துளையிட்டு ஒரு திருகு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று அவரே தெரிந்துகொள்வார். அழுத்திய பலகை பற்றி வியாபாரியிடம் பேசப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஊதிய துண்டையும், நீங்கள் எழுதி வைத்திருக்கும் 10, 15, 14 என்ற மூன்று அளவுகளையும் மேசைமேல் வைத்துக் கேளுங்கள். இத்தனை தெளிவாக அளந்து வந்தவரிடம் யாரும் எளிதாகச் சாக்குச் சொல்லிவிட முடியாது.